ஒத்திப்போடாத மனிதர்: வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர்



பழைய ரங்கூனில் நம்மவர்கள் எழுதிய பேரேடுகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். அதன் கீழே வரவும் பற்றும் வரிசையாக ஓடும். அந்த வரிசைக்குள்ளேயே மகமை என்று ஒரு கணக்கும் இருக்கும். கோயிலுக்கும் தருமத்துக்கும் என்று ஒதுக்கிய பணம் அதில் ஏறும். நிறையச் சம்பாதித்து முடித்துவிட்டு, தலை நரைத்த பிறகு தருமம் செய்துகொள்ளலாம் என்று அந்தப் பேரேட்டை எழுதியவர்கள் காத்திருக்கவில்லை. தொழில் கணக்கு ஓடும்போதே மகமைக் கணக்கும் கூடவே ஓடியது.

மொகல் தெருவில், அதாவது இன்றைய ஷ்வே போந்தா தெருவில், நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த காலத்தில், வட்டி விகிதத்தை நிர்ணயிக்க அவர்கள் கூடிய இடம் அவர்களுடைய கோயில்தான். மாதந்தோறும் அங்கே கூடி, பணத்தின் நிலவரத்தைப் பேசி, நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால், கம்பெனியின் போர்டு மீட்டிங் கோயில் மண்டபத்தில் நடந்தது. தொழில் ஒரு பக்கம், பண்பாடு ஒரு பக்கம் என்று அவர்கள் பிரித்து வைக்கவில்லை.

இன்று நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பாங்காக்கிலும் சிட்னியிலும் கணக்காளர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் கம்பெனி அதிகாரிகளாகவும் உயர்ந்து வருகிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் தமிழ் வகுப்புக்கு ஒரு மணி நேரம் தரலாமா, கோயில் சங்கத்தின் கணக்கைப் பார்த்துத் தரலாமா என்று கேட்டால், முதலில் காலூன்றிக்கொள்கிறேன், பிறகு பார்க்கலாம் என்ற பதில்தான் வருகிறது. அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நாடு விட்டு வந்து இங்கே மறுபடியும் முதலிலிருந்து கணக்கெழுதத் தொடங்கிய நாற்பது வயதைத் தாண்டிய அடியேனும் அதே பதிலைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதனால்தான், தொழிலையும் மரபையும் ஒரே சமயத்தில், ஒன்றுக்காக மற்றொன்றை ஒத்திப்போடாமல் வளர்த்த ஒரு பெரியவரின் வரலாற்றை இந்த இதழில் எழுத விரும்பினேன். அவர் சென்னை மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். அவர் பர்மாவில் வாழ்ந்தவர் அல்லர். ஆனால் அவர் எந்தக் கேள்விக்கு விடை தேடினாரோ, அதே கேள்வியை நாம் யாங்கூன் தெருக்களில் வரிசையில் நின்று கேட்டிருக்கிறோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

கிருஷ்ணசுவாமி ஐயர் 1863ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி, தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் பிறந்தார். மகாலிங்க சுவாமி கோயில் கொண்டிருக்கும் காவிரிக்கரைத் தலம் அது. தந்தையார் வெங்கடராம ஐயர் மாவட்ட முன்சீப்பாக இருந்தவர். வீட்டில் ஒரு பக்கம் சாத்திரமும் சமஸ்கிருதமும், மறுபக்கம் நீதிமன்றத் தாள்களும் புழங்கிய சூழ்நிலை. கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் தொடங்கினார். கும்பகோணம் அரசுக் கல்லூரி அந்நாளில் பெரும் பெயர் பெற்றது. பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1885ஆம் ஆண்டு, தமது 22ஆம் வயதில், சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

அந்தக் காலத்து நிலைமையை இன்றைய இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். லண்டன் சென்று படித்து வந்தவர்கள் பாரிஸ்டர்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். இங்கேயே படித்துத் தேறியவர்கள் வக்கீல்கள். பாரிஸ்டருக்குக் கிடைத்த மரியாதையும் வாய்ப்பும் வக்கீலுக்கு எளிதில் கிடைப்பதில்லை. பெரிய ஆங்கிலக் கம்பெனிகளின் வழக்குகளும் ஆங்கில வக்கீல் நிறுவனங்கள் மூலமாகவே போயின. அப்படிப்பட்ட மன்றத்தில், தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தம் படிப்பையும் பேச்சையும் மட்டுமே நம்பி மேலே வந்தார்.

அறிவு தம்மோடு நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1891ஆம் ஆண்டு தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் என்ற சட்ட இதழை வளர்த்தவர்களில் அவரும் அவருடைய நண்பர் பி. ஆர். சுந்தர ஐயரும் முக்கியமானவர்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து, ஆராய்ந்து, ஊர்ப்புறத்து வக்கீலுக்கும் கிடைக்கும்படி செய்தது அந்த இதழ். பிற்காலத்தில் திருவிதாங்கூர் திவானாகப் பெரும் புகழ் பெற்ற சி. பி. ராமசுவாமி ஐயர் தொழில் கற்றதும் கிருஷ்ணசுவாமி ஐயரிடம்தான். நாற்பது வயதுக்குள் அவர் சென்னையின் முன்னணி வக்கீல்களில் ஒருவராகி, லஸ் பகுதியில் பெரிய இல்லத்தில் வசித்தார்.

அர்பத்நாட் வீழ்ச்சி

அப்பொழுதுதான் 1906ஆம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்னையில் அந்நாளில் மூன்று பெரிய ஆங்கில வணிக நிறுவனங்கள் கொடிகட்டிப் பறந்தன. பாரி, பின்னி, அர்பத்நாட் என்பவை அவை. இவற்றுள் அர்பத்நாட் கம்பெனி வணிகத்தோடு வங்கித் தொழிலையும் செய்தது. பொதுமக்களிடமிருந்து வைப்புப் பணம் வாங்கியது. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள், விதவைகள், நிலக்கிழார்கள், சிறு வியாபாரிகள் என்று எல்லோரும் அங்கே பணம் போட்டார்கள். ஏறத்தாழ நூறு வருடப் பெயர், பெரிய கட்டடம், கம்பெனித் தலைவர் பெயருக்கு முன்னால் சர் பட்டம். இவற்றையே ஈடாக நினைத்து மக்கள் நம்பினார்கள்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. இரண்டு நாள் முன்னதாக லண்டனில் அதன் கூட்டாளியான மக்ஃபாடியன் என்பவர் ரயில் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். சென்னை மக்கள் போட்ட பணம் அவர்கள் கண்ணுக்கெட்டாத தூர தேசங்களில் ஊக முதலீடுகளில் கரைந்துபோயிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பு ஒரே நாளில் காகிதமாயிற்று. அந்த அதிர்ச்சியில் பின்னி நிறுவனமும் ஆட்டம் கண்டு, பிறகு வேறு கை மாறியது.

கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் ஒரு விஷயத்தை விளக்க விரும்புகிறேன். அர்பத்நாட் ஒரு கூட்டு வியாபாரம். அதாவது சில கூட்டாளிகளின் தனிச் சொத்து. அதன் ஐந்தொகை என்ன சொல்கிறது என்பது அந்தக் கூட்டாளிகளுக்கு மட்டுமே தெரியும். பணம் போட்டவருக்குத் தெரிந்தது வட்டி எவ்வளவு என்பது மட்டும். வட்டி தவறாமல் வரும்வரை யாரும் அசலைப் பற்றிக் கேட்பதில்லை. ஓட்டைப் பானையில் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால், பார்ப்பவருக்குப் பானை நிறைந்திருப்பது போலத்தான் தோன்றும். புதிதாக வந்த வைப்புப் பணத்தில் பழைய வட்டி போய்க்கொண்டிருந்தால், எந்தப் பெரிய பெயரும் ஒரு நாள் விழத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு யாங்கூன் ஞாபகம் வரும். 1963 பிப்ரவரியில் பர்மாவில் வங்கிகள் அனைத்தும் தேசியமயமாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. நம் பெரியவர்கள் கையில் இருந்ததை வைத்துக்கொண்டு விழித்தார்கள். கப்பலேறிப் போனவர்கள் நகையைக்கூடக் கொண்டுபோக முடியாமல் தவித்தார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளுக்கும் அதே கதி. 2003 பிப்ரவரியில் தனியார் வங்கிகளில் நெருக்கடி வந்தபோது நான் இளைஞன். அதிகாலையிலேயே போய் வரிசையில் நின்றேன். மறுபடியும் 2021இல், வங்கிகள் மூடிக் கிடந்தும் பணம் எடுக்கும் இயந்திரங்களில் காசில்லாமலும் இருந்த மாதங்களில், என் சொந்தச் சம்பளத்தை எடுக்க மூன்று நாள் அலைந்தேன். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர், மருந்து வாங்க வேண்டும் ஐயா, கொஞ்சம் விடுங்கள் என்று எல்லோரையும் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆகவே, 1906இல் அர்பத்நாட் வாசலில் நின்றவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் வேண்டியதில்லை.

வழக்கோடு நிற்கவில்லை

பணம் இழந்தவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் முதன்மையானவர் கிருஷ்ணசுவாமி ஐயர். கம்பெனியின் கணக்குகள் வெளியே இழுக்கப்பட்டன. முடிவில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடிக் குற்றத்துக்காக 18 மாதம் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஆங்கில ஆட்சி உச்சத்தில் இருந்த நாளில், சென்னையின் பெரிய ஆங்கிலச் சீமான் ஒருவர் சிறைக்குப் போனது சிறிய செய்தி அல்ல.

ஒரு சாதாரண வக்கீலுக்கு அங்கே வேலை முடிந்துவிடும். வழக்கில் பெயரும் புகழும் கிடைத்தாயிற்று. ஆனால் ஐயருக்கு அது போதவில்லை. குற்றவாளி சிறைக்குப் போவதால் விதவையின் பணம் திரும்பி வராது. நாளைக்குப் பணம் போட அவளுக்கு நம்பகமான இடமும் கிடைக்காது. சென்னையில் அப்போது இருந்த பெரிய வங்கியான பாங்க் ஆஃப் மெட்ராஸின் நிர்வாகமும் ஐரோப்பியர் கையில் இருந்தது. இந்தியரின் பணம் வேண்டும், இந்தியரின் ஆலோசனை வேண்டாம் என்ற நிலை. நம்மவர் பணத்தை நம்மவரே நிர்வகிக்க வேண்டும், அதையும் சட்டத்தின் கண்ணுக்கு முன்னால், பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டி நிர்வகிக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

காலமும் அதற்கு இசைவாக இருந்தது. 1905இல் வங்கப் பிரிவினைக்குப் பின் எழுந்த சுதேசி இயக்கம் தெற்கேயும் பரவியிருந்தது. அர்பத்நாட் விழுந்த அதே அக்டோபர் மாதத்தில்தான் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. அர்பத்நாட் மூடிய சில நாட்களுக்குள்ளேயே, கிருஷ்ணசுவாமி ஐயரும் அவரைச் சேர்ந்தவர்களும் இந்தியர்களுக்கென்று ஒரு வங்கி தொடங்குவோம் என்று சுற்றறிக்கை விட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள். வங்கி என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு எரியும் நேரம். அந்த நேரத்தில் அதே மக்களிடம் போய், இன்னொரு வங்கிக்குப் பங்கு வாங்குங்கள் என்று கேட்பது எளிதா? அங்கேதான் அவர் இருபது வருடமாக மன்றத்தில் சேர்த்து வைத்த பெயர் கைகொடுத்தது. அவர் முதலீட்டைத் தேடிப் போன இடங்களில் முக்கியமானது செட்டிநாடு. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொண்டுவிற்றுச் சேர்த்த நகரத்தார் மூலதனம் அன்று தென்னாட்டின் பெரிய பலம். எஸ். ஆர். எம். எம். ராமசுவாமி செட்டியார் இந்த முயற்சியில் சேர்ந்தார். சிதம்பரம் நடராசர் கோயில் திருப்பணியில் ஈடுபட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். பின்னாளில் அவருடைய தம்பி ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் வங்கியின் போர்டில் இடம் பெற்றார்.

1907 மார்ச் 5ஆம் தேதி இந்தியன் வங்கி லிமிடெட் என்ற பெயரில் கம்பெனி பதிவாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி, சென்னைக் கடற்கரைச் சாலையில் பாரி கட்டடத்தில் வங்கி திறக்கப்பட்டது. சரியாக நாற்பது ஆண்டு கழித்து அதே தேதியில் இந்தியா விடுதலை பெறும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

லிமிடெட் என்ற அந்தச் சொல்லில்தான் ஐயரின் சட்ட அறிவு இருந்தது. கூட்டாளிகளின் தனிப் பெட்டியாக இல்லாமல், விதிகள் எழுதிப் பதிவு செய்த கம்பெனி. இயக்குநர்கள் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஆண்டுதோறும் ஐந்தொகை அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும். பட்டத்தை நம்பாதே, கணக்கைக் கேள் என்பதே இந்த அமைப்பின் சாரம்.

நம் பக்கத்துக் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இந்த வழியிலேயே 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் அது திறக்கப்பட்டது. அந்த ரங்கூன் கிளை 1963 தேசியமயத்தில் போயிற்று. போனாலும், நம் ஊரில் நம்மவர் கட்டிய நவீன வங்கி ஒன்று இருந்தது என்ற உண்மை போகாது.

அதே வருடத்தில் இன்னொரு கணக்கு

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அர்பத்நாட் வழக்கும் வங்கி முயற்சியும் தலைக்கு மேல் வெள்ளமாக ஓடிய அதே 1906ஆம் ஆண்டில்தான், கிருஷ்ணசுவாமி ஐயர் மயிலாப்பூரில் சமஸ்கிருதக் கல்லூரியை நிறுவினார். அதற்குத் தம் சொந்தப் பணத்தைப் போட்டார். பேரறிஞர் எஸ். குப்புசுவாமி சாஸ்திரியை, அவர் இளைஞராக இருந்தபோதே, அடையாளம் கண்டு முதல் முதல்வராக அமர்த்தினார். பழைய சாத்திரங்களை மரபு வழியில் கற்பிக்க வேண்டும், அதே சமயம் புதிய ஆராய்ச்சி முறையும் மாணவருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்கு முந்தைய ஆண்டு, 1905இல், ஏழைகளுக்கு ஆயுர்வேத சிகிச்சை அளிக்க வெங்கடரமணா வைத்தியசாலையைத் தொடங்கினார். மகாராஷ்டிரத்து நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயின் நினைவாக மயிலாப்பூரில் ஒரு நூலகம் அமையவும் அவரே முன்னின்றார்.

நம்மில் யாராவது ஒருவர் அந்த நிலையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? வழக்கு முடியட்டும், வங்கி நிற்கட்டும், பிறகு கல்லூரியைப் பார்ப்போம் என்றுதான் இருந்திருப்போம். அது புத்திசாலித்தனமாகவும் தோன்றும். ஆனால் அவர் அப்படி இருக்கவில்லை. பகலில் திவாலான கம்பெனியின் கணக்கைக் குடைந்தவர், மாலையில் கல்லூரிக்குப் பண்டிதர் தேடினார். இரண்டையும் அவர் ஒரே வேலையாகவே கருதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பொருள் அந்நியர் கவனக்குறைவால் அழிந்துபோகாமல் காப்பது வங்கி. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு நம் கவனக்குறைவால் அழிந்துபோகாமல் காப்பது கல்லூரி. இரண்டும் பாதுகாப்புப் பெட்டகங்கள்தாம்.

பாரதியாரும் ஐயரும்

அரசியலில் கிருஷ்ணசுவாமி ஐயர் மிதவாதி. கோகலேயின் வழியில் நின்றவர். 1907இல் சூரத்தில் காங்கிரஸ் உடைந்த பிறகு, 1908இல் ராஷ்பிகாரி கோஷ் தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மிதவாதிகளின் மாநாடாக நடந்தது. அதில் ஐயருக்குப் பெரும் பங்கு உண்டு. சுப்பிரமணிய பாரதியாரோ திலகர் கட்சி. மிதவாதிகளைத் தம் பத்திரிகையில் தாட்சணியம் இன்றிச் சாடியவர்.

அப்படி எதிர் அணியில் இருந்த இளங்கவிஞரின் தேசியப் பாடல்களை 1907இல் கேட்க நேர்ந்தபோது, ஐயர் கட்சியைப் பார்க்கவில்லை; கவிதையைப் பார்த்தார். மூன்று பாடல்களைத் தம் செலவில் சிறு வெளியீடாக அச்சிட்டு, 15,000 பிரதிகளை இலவசமாக விநியோகிக்கச் செய்தார். பாரதியார் பாடல்கள் தனி வெளியீடாக மக்கள் கைக்குப் போன முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று. தம்மை எதிர்த்து எழுதும் பேனாவுக்கு மை வாங்கித் தருகிற மனம் எத்தனை பேருக்கு வரும்? நம் சங்கங்களில் சிறு கருத்து வேறுபாட்டுக்கே தனிச் சங்கம் கண்டுவிடுகிறோம் என்பதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

அவரைப் பற்றிய குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. சமஸ்கிருதத்துக்கு அவர் செய்த அளவு தமிழுக்குச் செய்யவில்லை என்பவர்கள் உண்டு. அது நியாயமான பேச்சே. அவருடைய கல்லூரி அந்தக் காலத்துச் சமூக எல்லைகளுக்குள் பிறந்தது என்பதும் உண்மை. ஆட்சியாளர் தந்த பதவிகளை ஏற்றார் என்று தீவிரவாதிகள் குறைகூறினார்கள். மயிலாப்பூர் வக்கீல்களின் வட்டமே எல்லாப் பதவிகளையும் எடுத்துக்கொள்கிறது என்ற மனத்தாங்கலும் அந்நாளில் பலருக்கு இருந்தது. தம் மரபு எது என்று அவர் நினைத்தாரோ அதற்கு அவர் செய்தார். நம் மரபு எது என்று நாம் நினைக்கிறோமோ அதற்கு நாம் செய்ய வேண்டும். அவரிடம் கற்க வேண்டியது அந்த வேகத்தைத்தான்.

பதவியும் முடிவும்

1909இல் அவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். முன்னணி வக்கீலின் வருமானத்தை விட்டுவிட்டு நீதிபதி சம்பளத்துக்குப் போனார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1911இல் ஆளுநரின் நிர்வாக சபையில் உறுப்பினராக நியமனம் பெற்றார். அந்த மாகாணத்தில் அந்த இடத்துக்கு வந்த இந்தியர்களில் பொப்பிலி மகாராஜாவுக்கு அடுத்தவர் அவர். இதைவிட உயர்ந்த பதவி இந்தியர் ஒருவருக்கு அன்றைய சென்னையில் கிடையாது என்றே சொல்லலாம்.

அந்தப் பதவியில் ஓராண்டுகூட நிறைவாக இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. டில்லி தர்பார் நடந்த அதே டிசம்பர் மாதத்தில், 1911 டிசம்பர் 28ஆம் தேதி, கிருஷ்ணசுவாமி ஐயர் காலமானார். அப்போது அவருக்கு வயது 48.

நாற்பத்தெட்டு. இந்த எண்ணைத்தான் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு கல்லூரி கட்டலாம் என்று அவர் நினைத்திருந்தால் கல்லூரி இல்லை. வைத்தியசாலை இல்லை. அந்த 15,000 பிரதிகளும் இல்லை. சென்னைச் சட்ட வரலாற்றில், வேகமாக உயர்ந்து இளமையில் மறைந்த ஒரு நீதிபதி என்று இரண்டு வரி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இன்று இந்தியன் வங்கி, 1969இல் தேசியமயமாகி, 2020இல் அலகாபாத் வங்கியையும் தன்னுள் சேர்த்துக்கொண்டு, இந்தியா முழுவதும் பரவி நிற்கிறது. சமஸ்கிருதக் கல்லூரி நூறாண்டைக் கடந்து நிற்கிறது. அவருடைய மகன்களில் கே. பாலசுப்பிரமணிய ஐயரும் கே. சந்திரசேகரனும் சட்டத் தொழிலில் இருந்துகொண்டே கல்விக்கும் இலக்கியத்துக்கும் தொண்டு செய்தார்கள். தந்தை நடந்து காட்டிய வழி அது.

அந்த வழி அவர் குடும்பத்தோடு நிற்கவும் இல்லை. அவரோடு வங்கிக்கு வந்த செட்டிநாட்டுக் குடும்பத்தைப் பாருங்கள். வங்கியின் போர்டில் அமர்ந்த அண்ணாமலைச் செட்டியார்தான் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார். 1940களில் தமிழிசை இயக்கத்தைத் தாங்கி, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறக்கக் காரணமாயிருந்தார். ஐயர் விட்ட இடத்தில் தமிழுக்கு வேண்டியதைச் செட்டியார் செய்தார் என்றுகூடச் சொல்லலாம். அந்தக் குடும்பத்துக்குப் பர்மாவிலும் பெரிய தொழில் இருந்தது. இராவதி டெல்டாவின் நெல் வயல்களிலிருந்து புறப்பட்ட பணத்தில் ஒரு பங்கு, சிதம்பரத்தில் வகுப்பறையாகவும் சென்னையில் தமிழ்ப் பாட்டாகவும் மாறியது. வயல்கள் போய்விட்டன. வகுப்பறையும் பாட்டும் இருக்கின்றன.

நம் கணக்கு

நாம் நாடுகளை இழந்திருக்கிறோம். நோட்டுகள் செல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறோம். வங்கிக் கதவு மூடியதைப் பார்த்திருக்கிறோம். அப்படி அடிபட்டவனுக்குத் தோன்றும் முதல் எண்ணம், இனிமேல் எனக்கும் என் பிள்ளைக்கும் மட்டும் சேர்த்துக்கொள்வோம் என்பதுதான். அது இயல்பு. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடியேன் கண்ட அனுபவம் வேறு. 2021க்குப் பிறகு நான் கொண்டுவர முடிந்த பொருள்களின் பட்டியல் மிகச் சிறியது. அதில் எந்த அதிகாரியும் பறிமுதல் செய்ய முடியாதவை இரண்டு. ஒன்று, படித்த கணக்கு. மற்றொன்று, யாங்கூனில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் வாங்காத ஒரு வாத்தியார் எனக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ். முதலாவது எனக்குச் சோறு போடுகிறது. இரண்டாவது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அந்த வாத்தியார் பகலில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். அவரும் ஓய்வு பெறும்வரை காத்திருக்கவில்லை.

எல்லோரும் கல்லூரி கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. வக்கீலாக இருப்பவர் சங்கத்தின் விதிமுறைகளை ஒரு மாலை உட்கார்ந்து சரிபார்த்துத் தரலாம். கணக்காளர் கோயில் வரவு செலவை ஆண்டுக்கொருமுறை தணிக்கை செய்து, எல்லோரும் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அர்பத்நாட் கதை நமக்குச் சொல்வதும் அதுதான்; சாமி காரியமானாலும் கணக்கைக் காட்ட வேண்டும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் தமிழ் வகுப்பில் ஒரு மணி நேரம் உதவலாம். இந்த மடலின் தமிழ்ப் பக்கத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பெற்றோர் இந்த வரலாற்றை அவர்களுக்கு வாசித்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அடியேனும் என் பழைய பதிலை மாற்றிக்கொண்டேன். வரும் நிதியாண்டிலிருந்து சங்கக் கணக்கைத் தணிக்கை செய்து தருவதாகச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன். மகமைக் கணக்கில் என் முதல் பதிவு அது. தொகை சிறியதுதான். ஆனால் தேதி போட்டாயிற்று.